2 இன்ச் லிஃப்ட் போட்டால் பிரேக்கையும் தொட வேண்டுமா?

கேள்வி, பிப்ரவரி 4

என் வண்டியில் முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்ஸில் (இரு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே கட்டியான அச்சு), நான்கு பக்கமும் காயில் ஸ்பிரிங். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். வண்டியை 2 இன்ச் உயர்த்தும் லிஃப்ட் கிட் வாங்கி வீட்டிலேயே போடப் போகிறேன். டயர் இப்போது 29 இன்ச், அதை 31 ஆக்கப் போகிறேன். ஜாக்கி, ஸ்டாண்ட், ஸ்பேனர் எல்லாம் உண்டு. ஸ்பிரிங்கும் ஷாக்கும் மாற்றினால் போதும், பிரேக் நன்றாகத்தான் பிடிக்கிறது, அதைத் தொட வேண்டாம் என்பது என் எண்ணம். சரிதானே?

பிப்ரவரி 4, இரவு

சரியில்லை. நானாக இருந்தால் முதலில் பிரேக், அப்புறம் ஸ்பிரிங், கடைசியில் டயர்.

கணக்கைப் பாருங்கள். காலால் அதே அளவு மிதித்தால் பிரேக்கில் கிடைக்கும் முறுக்கு விசை அதேதான். ஆனால் சக்கரத்தின் ஆரம் கூடிவிட்டது. முறுக்கு விசையை ஆரத்தால் வகுத்து வருவதுதான் தரையில் வண்டியை நிறுத்துகிறது. 29-லிருந்து 31-க்குப் போனால் அது 6 சதவீதத்துக்கு மேல் குறையும். அடுத்தது ஸ்பீடோமீட்டர். அது சக்கரம் எத்தனை தடவை சுற்றுகிறது என்பதைத்தான் எண்ணுகிறது. முள் 80 காட்டும்போது வண்டி உண்மையில் 85-ஐத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். வேகத்தின் வர்க்கத்தில் ஆற்றல் ஏறுவதால் பிரேக் தாங்க வேண்டிய சூடு 14 சதவீதம் கூடுதல்.

இரண்டையும் சேருங்கள். முள்ளில் அதே 80, காலில் அதே அழுத்தம், நிற்கும் தூரம் 22 சதவீதம் அதிகம். 40 மீட்டரில் நின்ற வண்டி 49 மீட்டரில் நிற்கும். கொஞ்சம் அழுத்தி மிதித்துக்கொள்ளலாமே என்பீர்கள். மிதிக்கலாம், பேட் (டிஸ்க்கை அழுத்தி நிறுத்தும் உராய்வுக் கட்டை) சூடேறாத வரை.

டயரின் கனத்தை இதில் நான் சேர்க்கவே இல்லை. மண் பாதைக்கான 31 இன்ச் டயர் பழையதைவிட நிச்சயம் கனமாக இருக்கும். அது சுற்றுகிற கனம் வேறு. பிரேக்குக்கு அதுவும் வேலைதான்.

பிப்ரவரி 5

நேற்று எழுத விட்டுப்போனது: பிரேக் ஹோஸ்.

வண்டியின் உயரம் கூடினால் சேஸிக்கும் (வண்டியின் அடிச்சட்டம்) ஆக்ஸிலுக்கும் உள்ள தூரமும் கூடும். நடுவில் பிரேக் ஆயிலைக் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸின் நீளம் மாறாது. வண்டி சமதளத்தில் நிற்கும்போது ஹோஸ் தளர்வாகத்தான் தெரியும், அதைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். பார்க்க வேண்டியது சக்கரம் முழுதாகத் தொங்கும் நிலையில். ஒரு பக்கச் சக்கரத்தை ஜாக்கியால் மேலே தள்ளி, எதிர்ப் பக்கத்தைத் தொங்கவிட்டால் அந்தப் பக்கம் இன்னும் கீழே இறங்கும். அந்த நிலையில் ஸ்டியரிங்கை இரண்டு கோடிக்கும் திருப்பி ஹோஸைக் கையால் தொட்டுப் பாருங்கள். விறைத்திருந்தால் அது ஹோஸ் வேலையோடு கயிறு வேலையும் பார்க்கிறது என்று அர்த்தம். ரப்பர் உலோக முனைக்குள் நுழையும் இடத்தில்தான் முதலில் விரியும், அதுவும் உள்பக்கமாக.

அதே நிலையில் இன்னும் இரண்டைப் பாருங்கள். ஏபிஎஸ் சென்சார் வயர், ஆக்ஸிலின் மூச்சுக் குழாய். இந்த மூச்சுக் குழாய் பிடுங்கிக்கொண்டால் ஆற்றைக் கடக்கும்போது டிஃபரன்ஷியல் (ஆக்ஸிலில் பல்சக்கரங்கள் உள்ள உருண்டைப் பகுதி) ஆயிலுக்குள் தண்ணீர் போகும்.

2 இன்ச்சுக்குப் பல வண்டிகளில் ஹோஸ் பிராக்கெட்டைச் சேஸியில் கொஞ்சம் கீழே இறக்கினாலே போதும். இரும்புக் குழாயை மெதுவாக, பெரிய வளைவாக வளைக்க வேண்டும். மடிப்பு விழுந்தால் அந்தக் குழாயையே மாற்றிவிடுங்கள். எனக்கு நீளமான புது ஹோஸ் போடுவதுதான் பிடிக்கும். எஃகு வலை சுற்றிய ஹோஸ் என்றால் எதிலும் உரசாமல் கிளிப் போட்டு நிறுத்துங்கள். உரசும் இடத்தில் அந்த வலை அரம் மாதிரி எதிரில் உள்ளதைத் தின்றுவிடும்.

பிப்ரவரி 5, கொஞ்ச நேரம் கழித்து

ஸ்பிரிங் கழற்றும் நாளில் காலிப்பரை (பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் பிடி) கழற்ற நேர்ந்தால் கம்பி போட்டுச் சேஸியில் கட்டுங்கள். ஹோஸில் தொங்க விடவே கூடாது.

பிப்ரவரி 9

கேட்டவர் படம் அனுப்பியிருக்கிறார். பின் ஆக்ஸிலிலிருந்து ஒரு மெல்லிய கம்பி மேலே ஏறி, சேஸியில் உள்ள ஒரு சின்ன வால்வில் முடிகிறது. இது என்ன என்கிறார்.

இந்த இழையில் இதைவிட முக்கியமான கேள்வி வரப்போவதில்லை. அது பாரத்தை உணரும் பிரேக் வால்வு. பிக்கப்களிலும் பழைய லேண்ட் க்ரூசர்களிலும் இதைப் பார்க்கலாம். பின்னால் பாரம் ஏற்றினால் சேஸி இறங்கும், கம்பி நகரும், வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். பாரம் இல்லையென்றால் சேஸி உயரும், வால்வு அழுத்தத்தைக் குறைக்கும். லேசான பின்பக்கச் சக்கரம் லாக் ஆகி (சுற்றாமல் நின்று) வண்டி திரும்பிவிடக் கூடாது என்பதற்காக வைத்தது.

இப்போது நீங்கள் 2 இன்ச் உயர்த்துகிறீர்கள். வால்வுக்கு லிஃப்ட் கிட்டைப் பற்றி என்ன தெரியும்? வண்டி காலியாக இருக்கிறது, அதுவும் காலியை விடக் காலி என்று எடுத்துக்கொள்ளும். பின் பிரேக்கின் அழுத்தத்தை எப்போதும் குறைத்தே வைக்கும். முழுப் பாரத்தோடு போனாலும் முன் டிஸ்க்தான் சுமக்கும்.

ஆகவே 4-ஆம் தேதி நான் போட்ட 22 சதவீதக் கணக்கு, நான்கு சக்கரமும் தன் பங்கைச் செய்யும் வண்டிக்கு மட்டும். இந்த வால்வைச் சரிசெய்யாமல் விட்டால் உங்கள் வண்டிக்கு அதைவிட மோசமாக இருக்கும்.

செய்ய வேண்டியது எளிது. எவ்வளவு உயர்த்தினீர்களோ அந்த அளவுக்கு ஆக்ஸில் பக்கத்து பிராக்கெட்டை உயர்த்துங்கள், அல்லது கம்பியை நீட்டுங்கள். கம்பி பழைய கோணத்துக்கு வர வேண்டும். வேலை தொடங்கும் முன், வண்டி சமதளத்தில் நிற்கும்போதே அந்தக் கோணத்தைப் படம் எடுத்து வையுங்கள். வால்வையே பிடுங்கி எறிந்துவிட்டுக் குழாயை நேராக இணைக்கும் யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஈரச் சாலையில் பின் சக்கரம் முதலில் லாக் ஆனால் வண்டி சுற்றிக்கொள்ளும்.

பிப்ரவரி 11

ஸ்பிரிங் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். எல்லோருடைய கேள்வியும் உயரத்தைப் பற்றி. நான் முதலில் எடையைத்தான் கேட்பேன். முன்னால் விஞ்ச், இரும்பு பம்பர் உண்டா? பின்னால் எப்போதும் சாமான் ஏற்றியே ஓடுகிறீர்களா? அந்த எடைக்குத்தான் ஸ்பிரிங். வெறும் வண்டிக்கு அதிக பாரத்துக்கான ஸ்பிரிங் போட்டால் 2 இன்ச்சுக்குப் பதில் 3 இன்ச் ஏறி நிற்கும், குழியில் சக்கரம் இறங்காமல் துள்ளும்.

ஸ்பிரிங் கம்பியின் தடிமன் எவ்வளவு பெரிய விஷயம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. விறைப்பு, கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. சுருளின் அகலமும் சுற்றுகளும் அதேபோல் இருக்க, கம்பி மட்டும் 14 மி.மீ.யிலிருந்து 15 மி.மீ. ஆனால் விறைப்பு 32 சதவீதம் கூடும். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், வெர்னியர் வைத்தால்தான் தெரியும்.

ஸ்பிரிங் விறைத்தால் ஷாக்கும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். அமுங்கிய ஸ்பிரிங் திரும்பி எழும் வேகத்தை அடக்குவது ஷாக்தான். பழைய ஷாக்கோடு புது ஸ்பிரிங் போட்ட வண்டி வேகத்தடையைத் தாண்டியபிறகும் ஆடிக்கொண்டே போகும்.

ஒற்றைக் குழாயா, இரட்டைக் குழாயா? ஒற்றைக் குழாய் ஷாக்கில் ஆயிலின் சூடு நேராக வெளிச் சுவருக்கு வந்துவிடும். உள்ளே வாயு தனி அறையில் இருப்பதால் ஆயில் நுரைக்காது. கல் சாலையில் மணிக்கணக்காக வேகமாகப் போகிறவருக்கு அதுதான். ஆனால் பிஸ்டன் ஓடுவது அந்த வெளிச் சுவரை ஒட்டித்தான். பாறை பட்டுச் சுவர் நசுங்கினால் பிஸ்டன் அங்கே சிக்கும். இரட்டைக் குழாயில் வெளிக்கூடு கொஞ்சம் நசுங்கினாலும் உள்குழாய் பிழைத்துக்கொள்ளும். மெதுவாகப் பாறை ஏறுவதுதான் என் ஓட்டம், நான் இரட்டைக் குழாயில் வாயு நிரப்பியதைப் போட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 12

ஒருவர்: "லிஃப்ட் போட்டால் டிஃபரன்ஷியல் கல்லில் இடிக்காது அல்லவா?"

இடிக்கும். ரிஜிட் ஆக்ஸிலில் டிஃபரன்ஷியலுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை டயர் மட்டும்தான் தீர்மானிக்கும். 29-லிருந்து 31 போனால் 1 இன்ச் கிடைக்கும். லிஃப்ட் உயர்த்துவது சேஸியை, அதன் அடியில் உள்ளவற்றை. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது முன்னும் பின்னும் தட்டாமல் இருக்கவும், பெரிய டயர் வீல் ஆர்ச்சில் உரசாமல் இருக்கவும் அது உதவும். உயரம் கூடக்கூடச் சரிவில் சாய்ந்து போகும்போது வண்டி கவிழும் அபாயமும் கூடும். தேவைக்கு மேல் ஒரு இன்ச்கூட வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான்.

பிப்ரவரி 16

நீளமான ஷாக் வாங்கியவர்களுக்கு. தொங்கும் நிலையை எல்லோரும் பார்க்கிறார்கள், அமுங்கும் நிலையைப் பார்ப்பதில்லை. நீளமான ஷாக் முழுதாக அமுங்கினாலும் பழையதைவிட நீளம்தான். பம்ப் ஸ்டாப் (ஆக்ஸில் மேலே ஏறுவதைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் கட்டை) தொடுவதற்கு முன் ஷாக்கின் அடி தட்டினால் வண்டியின் முழுப் பாரமும் ஷாக் வழியாகப் போகும். மேல் பிராக்கெட் கிழிந்து வந்த வண்டியைப் பார்த்திருக்கிறேன்.

அளப்பது இப்படி. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஆக்ஸிலை ஜாக்கியால் பம்ப் ஸ்டாப் அமுங்கும் வரை ஏற்றுங்கள். ஷாக்கின் மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை எடுங்கள். அது புது ஷாக்கின் முழுதாக அமுங்கிய நீளத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். போதவில்லையா, பம்ப் ஸ்டாப்புக்கு அடியில் துண்டு வைத்து நீட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஏற்றியும் அளந்து பாருங்கள், கணக்கு மாறும்.

பிப்ரவரி 18

ஸ்டியரிங். உயர்த்தியபின் வண்டி நேராகப் போகாமல் அலைகிறது, வளைவில் திரும்பியபின் ஸ்டியரிங் தானாக நேராகவில்லை என்ற புகார் வந்தபடி இருக்கிறது. காரணம் கேஸ்டர் கோணம், அதாவது முன் சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு. ரேடியஸ் ஆர்ம் (ஆக்ஸிலைச் சேஸியோடு இணைக்கும் நீளமான கை) உள்ள முன் ஆக்ஸிலில் சேஸி ஏறும்போது ஆர்ம் கீழ்நோக்கிச் சாயும், அதோடு ஆக்ஸிலும் உருளும், கேஸ்டர் குறையும். துளை மையம் விலகிய புஷ்ஷோ (ஆர்மின் முனையில் உள்ள ரப்பர் வளையம்), வளைவு மாற்றிய ஆர்மோ போட்டு அதை மீட்கலாம்.

பான்ஹார்ட் கம்பியும் அப்படித்தான். ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் சேஸியோடு பிடிக்கும் அது, சாய்ந்திருக்கும் கம்பி. சேஸி ஏறினால் சாய்வு கூடி, ஆக்ஸில் ஒரு பக்கமாக நகரும். நீளம் மாற்றக்கூடிய கம்பி போட்டால் நடுவுக்குக் கொண்டுவரலாம்.

கேஸ்டரை மீட்பதில் ஒரு விலை உண்டு. ஆக்ஸிலைப் பின்னோக்கி உருட்டினால் டிஃபரன்ஷியலின் மூக்கு கீழே இறங்கும். டிஃபரன்ஷியலைச் சுற்றவைக்கும் முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் (முனையில் உள்ள மூட்டு) இன்னும் கூர்மையான கோணத்தில் சுற்ற வேண்டிவரும். இழந்த கோணம் முழுவதையும் திரும்பப் பெற ஆசைப்படாதீர்கள். ஸ்டியரிங் தானாகத் திரும்புகிறது, ஷாஃப்ட் அதிரவில்லை என்ற இடத்தில் நிறுத்துங்கள்.

பிப்ரவரி 20

"புஷ் எல்லாம் பாலியூரித்தேன் போட்டுவிடவா?"

ரேடியஸ் ஆர்மில் வேண்டாம். ஒரு சக்கரம் ஏறி மறுசக்கரம் இறங்கும்போது அந்த ஆர்ம்கள் முறுக வேண்டும். ரப்பர் அதற்கு இடம் கொடுக்கும், பாலியூரித்தேன் கொடுக்காது. பான்ஹார்ட் கம்பிக்குப் போட்டால் தப்பில்லை.

பிப்ரவரி 23

வேலை நாளுக்கு. சமதளமான சிமென்ட் தரை, சேஸிக்கு அடியில் ஸ்டாண்ட், ஆக்ஸிலுக்கு அடியில் ஜாக்கி. ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே தலை விடாதீர்கள். போல்ட்டுகளுக்கு முந்தைய நாளே துரு இளக்கும் ஆயில் அடித்து வையுங்கள். ரிஜிட் ஆக்ஸிலில் ஷாக், ஸ்டெபிலைசர் லிங்க் இரண்டையும் கழற்றி ஆக்ஸிலை இறக்கினால் பெரும்பாலும் ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமலே ஸ்பிரிங் கையோடு வரும். ஹோஸைப் பார்த்துக்கொண்டே இறக்குங்கள்.

இனி சொல்வது சின்னதுபோல் தெரியும். ரப்பர் புஷ் உள்ள எந்த போல்ட்டையும் சக்கரம் தொங்கும்போது இறுக்காதீர்கள். புஷ்ஷின் நடுவில் ஒரு உலோகக் குழல், அதைச் சுற்றி ரப்பர் ஒட்டியிருக்கும். போல்ட்டை இறுக்கியதும் குழல் பிராக்கெட்டோடு அசையாமல் பிடித்துக்கொள்ளும். அதற்குப்பின் ஆர்ம் அசைவதெல்லாம் ரப்பர் முறுகுவதால்தான். தொங்கும்போது இறுக்கிவிட்டு வண்டியை இறக்கினால், சும்மா நிற்கும்போதே ரப்பர் முறுகி நிற்கும். சீக்கிரம் கிழிந்துவிடும். போல்ட்டைக் கையளவு போட்டு, வண்டியை நான்கு காலில் இறக்கி, முன்னும் பின்னும் இரண்டு தள்ளு தள்ளி, அப்புறம் அடியில் படுத்து டார்க் ரெஞ்ச் வையுங்கள். அளவு உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ளதுதான், மற்றவர் சொல்லும் எண் வேண்டாம்.

பிப்ரவரி 26

பின் டிரம்மை டிஸ்க் ஆக்கலாமா என்று கேட்டவருக்கு என் பதில்: முதலில் டிரம்மைச் சரியாக வையுங்கள். தானாகச் சரிசெய்துகொள்ள வேண்டிய அட்ஜஸ்டர் சேறு ஏறி இறுகியிருக்கும். ஷூ (டிரம்மின் உள்சுவரில் அழுந்தும் வளைந்த உராய்வுக் கட்டை) டிரம்மை விட்டுத் தள்ளி நிற்கும். மிதி ஆழமாகப் போகும். பிரித்து, துடைத்து, வீல் சிலிண்டரின் ரப்பரைத் தூக்கி ஈரம் இருக்கிறதா என்று பார்த்து, ஷூவை நெருக்கி வைத்தாலே பாதிப் பேருக்குப் புது வண்டிபோல் இருக்கும்.

டிஸ்க்தான் வேண்டும் என்றால் அது காலிப்பரோடு முடியாது. டிரம்முக்கான பல பழைய மாஸ்டர் சிலிண்டர்களில் (மிதித்ததும் பிரேக் ஆயிலைக் குழாய்க்குள் தள்ளுவது) குழாயில் சிறிது அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வு உண்டு, சுமார் 10 பிஎஸ்ஐ. அதை அப்படியே விட்டால் டிஸ்க்கில் பேட் ஒட்டியே ஓடிச் சூடாகும். காலிப்பர் பிஸ்டனுக்கு ஆயிலும் கூடுதலாக வேண்டும், மிதி நீளும். அதற்காக மாஸ்டர் சிலிண்டரை 13/16 இன்ச்சிலிருந்து 15/16 ஆக்கினால் மிதி குறையும், ஆனால் பரப்பு மூன்றில் ஒரு பங்கு கூடுவதால் அதே கால் விசைக்கு அழுத்தம் 25 சதவீதம் இறங்கும். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குவதுதான். ஹேண்ட் பிரேக்குக்கு என்ன வழி என்பதையும் வாங்கும் முன்பே முடிவு செய்யுங்கள்.

பிப்ரவரி 27

நேற்றைய பதிலை இரவு முழுக்க யோசித்தேன். சேற்றிலும் ஆற்றிலும் வாரம்தோறும் ஓட்டுபவர் என்றால் என் பதில் மாறும். டிரம்முக்குள் போன சேறு வெளியே வராது, ஷூவைத் தின்னும். நனைந்த டிஸ்க்கை லேசாக இரண்டு முறை மிதித்தால் காய்ந்துவிடும். அவருக்கு அந்தச் செலவும் வேலையும் தகும். கற்பாதையும் தார்ச் சாலையும் மட்டும் ஓடுகிறவருக்கு நேற்றுச் சொன்னதே.

1970-இல் வந்த முதல் ரேஞ்ச் ரோவர் நினைவுக்கு வருகிறது. நான்கு பக்கமும் காயில் ஸ்பிரிங், நான்கிலும் டிஸ்க், இரண்டும் ஒரே வண்டியில். சக்கரம் நன்றாக ஏறி இறங்கினால் வண்டி கரடுமுரடில் வேகமாகப் போகும், அப்போது நிறுத்தவும் வேண்டும் அல்லவா? அந்தச் சேர்க்கையைப் பார்த்தபின்தான் நானும் சஸ்பென்ஷனையும் பிரேக்கையும் ஒரே வேலையாக எண்ண ஆரம்பித்தேன்.

மார்ச் 2

பிரேக் ஆயிலும், குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுவதும், அதாவது ஏர் எடுப்பதும்.

டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு. டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறியபின் 140. டாட் 4-க்கு 230, 155. டாட் 5.1-க்கு 260, 180. இவை காற்றிலிருந்து ஈரத்தை இழுப்பவை. நீண்ட இறக்கத்தில் காலிப்பரில் ஆயில் கொதித்தால் ஆவி உண்டாகும், ஆவி அமுங்கும், மிதி தரைக்குப் போகும். பெரிய டயர் போட்டவர் பழைய ஆயிலோடு மலை இறங்கக் கூடாது. திறந்து நாளான டப்பாவை ஊற்றாதீர்கள். டாட் 5 என்று மட்டும் போட்டிருப்பது சிலிக்கோன், மற்றவற்றோடு கலக்காதீர்கள்.

ஏர் எடுக்கும்போது பெரும்பாலான வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரம் முதலில். சிலவற்றில் வரிசை வேறு, ஏபிஎஸ் உள்ளவற்றில் ஸ்கேனரும் தேவைப்படலாம், கையேட்டைப் பாருங்கள். நிப்பிளில் தெளிவான குழாய் மாட்டி, அதன் முனை பாட்டிலில் உள்ள ஆயிலில் மூழ்கியிருக்கட்டும். முதலில் பெரிய குமிழி, அப்புறம் கடுகளவு, கடைசியில் ஒன்றுமில்லை. பழைய வண்டி என்றால் மிதிக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். தினசரி ஓட்டத்தில் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் கடைசிவரை போவதில்லை, அந்தப் பகுதியில் துரு படிந்திருக்கும். ஏர் எடுக்கும்போது மிதியைத் தரைவரை அமுக்கினால் சீல் அந்தத் துருவில் ஏறிக் கிழியும். நேற்றுவரை நன்றாக இருந்த சிலிண்டர் ஆயில் மாற்றியதும் போய்விட்டது என்ற கதை பெரும்பாலும் இதுதான்.

மார்ச் 3

பேட் பற்றி ஒரே வரி கேட்டார்கள். விளிம்பில் அச்சடித்திருக்கும் குறியீட்டின் கடைசி இரண்டு எழுத்துகளைப் பாருங்கள்: முதலாவது சூடில்லாதபோது உராய்வு, இரண்டாவது சூட்டில். ஈ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் 0.35 முதல் 0.45, ஜி 0.45 முதல் 0.55. இரண்டாவது எழுத்து முதலாவதைவிடக் கீழே போகும் பேட்டை நான் தொடமாட்டேன்.

மார்ச் 9

கேட்டவர் வேலையை முடித்துவிட்டார். முதலில் பிரேக்கைச் செய்தாராம், பிறகுதான் ஸ்பிரிங். மகிழ்ச்சி. இப்போது நடுத்தர வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் தரை அதிர்கிறது, காலை எடுத்தால் நின்றுவிடுகிறது என்கிறார்.

கால் எடுத்ததும் நிற்கிறது என்றால் டயர் பேலன்ஸை முதலில் சந்தேகிக்க மாட்டேன். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் இரு முனையிலும் கிராஸின் கோணத்தை அளந்து அனுப்புங்கள். இரு முனையிலும் கிட்டத்தட்ட ஒரே அளவாக இருக்க வேண்டும். கிராஸில் ஆட்டம் இருக்கிறதா என்று கையால் முறுக்கியும் பாருங்கள்.

மார்ச் 14

பின் ஷாஃப்ட்டில் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் 4 டிகிரி வித்தியாசம். பின் மேல் ஆர்ம்களில் நீளம் மாற்றும் வசதி இருந்ததால் டிஃபரன்ஷியல் மூக்கைச் சாய்த்து 1 டிகிரிக்குள் கொண்டுவந்திருக்கிறார். அதிர்வு போய்விட்டதாம். ஆர்மை அசைத்துவிட்டீர்கள் அல்லவா, வண்டி தரையில் நிற்கும்போது அந்தப் புஷ் போல்ட்டுகளைத் தளர்த்தி மறுபடி இறுக்குங்கள். வீல் நட்டை 100 கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை டார்க் ரெஞ்ச்சால் சரிபாருங்கள். பாரம் உணரும் வால்வின் கம்பியையும் பழைய படத்தோடு ஒப்பிடுங்கள், புது ஸ்பிரிங் கொஞ்சம் அமர்ந்திருக்கும். ஹெட்லைட்டை இறக்கிக் கட்ட மறக்காதீர்கள், எதிரே வருபவரின் கண்ணில் இப்போது நேராக அடித்துக்கொண்டிருக்கும்.